கயிறா, கொக்கியா, முதுகா? - நடுரோட்டில் நின்ற காரை இழுத்துப் போகும் கதை

கேரவன் என்றதும் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஷூட்டிங் ஸ்பாட்டில் நிற்கும் அந்த வெள்ளை வண்டிதான். உள்ளே ஏ.சி., பெரிய கண்ணாடி, ஒரு கட்டில். ஷாட் முடிந்ததும் ஹீரோ ஏறி உட்கார்ந்து கொள்வார். அவ்வளவுதான் இங்கே கேரவனுக்கு வேலை.

அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே ரிட்டயர் ஆன தாத்தாவும் பாட்டியும் பஸ் சைஸில் ஒரு மோட்டார்ஹோம் வாங்கி, அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, மாசக்கணக்கில் ஊர் சுற்றுகிறார்கள். ஆனால் ஒரு சிக்கல். பால் பாக்கெட் வாங்க அந்தப் பெரிய வண்டியை எடுத்துக்கொண்டு போக முடியாது இல்லையா? அதனால் பின்னாலேயே ஒரு சின்ன காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். முகாம் போட்ட இடத்தில் காரைக் கழற்றி ஓட்டிக்கொள்ளலாம்.

அந்தக் காரை எப்படி இழுப்பது என்பதுதான் அவர்களுடைய தீராத பஞ்சாயத்து. வழி மூன்றுதான்.

1. நாலு சக்கரமும் தரையில் உருள, இரும்புக் கம்பி ஒன்றால் பிணைத்து இழுப்பது.
2. முன் சக்கரம் இரண்டையும் ஒரு குட்டி வண்டியில் ஏற்றிக் கட்டி, பின் சக்கரம் மட்டும் தரையில் உருள இழுப்பது.
3. மொத்தக் காரையும் ஒரு டிரெய்லர் மேல் ஏற்றிக்கொண்டு போவது.

முதல் வழி சல்லிசு, மூன்றாவது வழி செலவு. ஆனால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை முடிவு செய்வது பர்ஸ் அல்ல, காரின் கியர் பாக்ஸ்! ஹோண்டா சி.ஆர்.வி.யை அமெரிக்கர்கள் பல வருஷம் நாலு சக்கரமும் தரையில் உருள ஜாலியாக இழுத்துக்கொண்டு போனார்கள். 2015 மாடலில் கம்பெனி கியர் பாக்ஸை சி.வி.டி.யாக மாற்றியது. அன்றிலிருந்து அப்படி இழுக்கக் கூடாது. பெயர் அதே, கார் அதே, இழுக்கும் முறை மட்டும் மாறிப்போனது.

"சரிப்பா, சிங்கப்பெருமாள் கோவிலில் யார் மோட்டார்ஹோம் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்பது புரிகிறது. யாரும் இல்லை. ஆனால் அதே மூன்று வழிகள், அதே கியர் பாக்ஸ் பிரச்னை, ஜி.எஸ்.டி. ரோட்டில் தினமும் நடக்கிறது. ஒரே வித்தியாசம், அமெரிக்க தாத்தா வீட்டில் உட்கார்ந்து, காபி குடித்து, யோசித்து முடிவெடுக்கிறார். இங்கே ராத்திரி பத்து மணிக்கு, லாரி ஹாரன் காதைக் கிழிக்க, ரோட்டோரத்தில் நின்றுகொண்டு இரண்டே நிமிஷத்தில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

ஜி.எஸ்.டி. ரோடு

பழைய என்.எச். 45, இப்போது என்.எச். 32. தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், கிளாம்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், பரனூர் டோல்கேட், செங்கல்பட்டு... இந்த வரிசையை மனப்பாடமாகச் சொல்லாத தென் மாவட்டத்துக்காரரே கிடையாது. பொங்கல், தீபாவளி என்றால் சென்னையில் பாதி இந்த ரோட்டில்தான் இருக்கும். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு பஸ் கூட்டமும் இந்தப் பக்கம் வந்துவிட்டது.

சிங்கப்பெருமாள் கோவில் இதில் ஒரு முக்கியமான முடிச்சு. ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் ரோடு இங்கேதான் பிரிகிறது. ஒரகடத்தில் 2010-ல் தொடங்கிய ரெனோ-நிஸான் தொழிற்சாலை, பக்கத்தில் மகிந்திரா வேர்ல்டு சிட்டி, மறைமலை நகரில் 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்திய ஃபோர்டு தொழிற்சாலை என்று சுற்றிலும் கார் வாசனைதான். புத்தம் புது கார்களை வரிசையாக முதுகில் ஏற்றிக்கொண்டு நீளமான கண்டெய்னர் லாரிகள் போவதை இங்கே பள்ளிக்கூடப் பசங்க கூட நின்று பார்ப்பதில்லை. அவ்வளவு சகஜம்.

அந்த லாரியில் ஒரு பாடம் இருக்கிறது. கார் செய்யும் கம்பெனிக்காரன், நன்றாக ஓடுகிற புதுக் காரையே நாலு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றித்தான் அனுப்புகிறான். ஓடாத பழைய காரை மட்டும் கயிறு கட்டி இழுக்கிறார்கள்!

ஒரு குடும்பம், ஒரு கார்

ஒரு உதாரணம் வைத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்திலிருந்து விழுப்புரம் போகும் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, பாட்டி, ஒரு குட்டிப் பெண். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டும்போது கார் நின்றுவிட்டது. செல்ஃப் எடுக்கவில்லை. தெரிந்த மெக்கானிக் தாம்பரத்தில். இருபது கிலோமீட்டருக்கு மேல் திரும்பிப் போக வேண்டும்.

ஒரு குட்டி யானை (டாடா ஏஸ்தான்) ஓரம் கட்டி நிற்கிறது. டிரைவர் நல்ல மனுஷன்.

"என்ன சார் ஆச்சு? பேட்டரியா? என்கிட்ட கயிறு இருக்கு. கட்டி இழுத்து விட்டுடறேன். டீ செலவுக்குக் குடுங்க, போதும்."

போனில் விசாரித்தால் ரெக்கவரி வண்டிக்காரர் ஆயிரக்கணக்கில் சொல்கிறார், அதுவும் வர ஒரு மணி நேரம் ஆகுமாம். பாட்டி சொல்கிறார், "எதுக்குப்பா இருட்டுல ரோட்ல நின்னுக்கிட்டு? அந்தத் தம்பிதான் இழுக்கறேன்னு சொல்றாரே."

அந்த அப்பா என்ன செய்ய வேண்டும்? இதுதான் கேள்வி. ஒவ்வொரு வழியாகப் பார்த்தால் பதில் தன்னால் கிடைக்கும்.

வழி 1: கயிறு

கயிற்றில் முன் வண்டிக்கு எஞ்சின் இருக்கிறது. பின் வண்டிக்கு எஞ்சின் இல்லை. ஆனால் பிரேக் பிடிக்க வேண்டியது பின் வண்டிதான். முன் வண்டி நின்றால் கயிறு தொய்ந்துவிடும், பின் வண்டி நேராகப் போய் இடிக்கும்.

இங்கேதான் பலருக்குத் தெரியாத விஷயம். காரில் பிரேக் மிதி லேசாக இருப்பதற்குக் காரணம் பூஸ்டர். பெரும்பாலான கார்களில் எஞ்சின் ஓடும்போது உண்டாகும் வெற்றிடம்தான் அதற்கு பலம். எஞ்சின் நின்றபிறகு ஒன்றிரண்டு தடவை மிதித்தால் அந்த பலம் தீர்ந்துவிடும். அப்புறம் மிதி கல்லு மாதிரி. பிரேக் பிடிக்கும், ஆனால் முழு உடம்பையும் போட்டு மிதிக்க வேண்டும். ஸ்டீயரிங்கும் அப்படியே கனக்கும். சாவியை உருவிவிட்டால் இன்னும் மோசம், ஸ்டீயரிங் ஒரு பக்கமாகப் பூட்டிக்கொள்ளும். அதனால் இழுக்கும்போது சாவி போட்டு, பூட்டு விடுபட்ட நிலையில் இருக்கவேண்டும்.

அடுத்தது, எங்கே கட்டுவது? பம்பரில் கட்டினால் பம்பர் மட்டும் ஊருக்குப் போய்ச் சேரும். கார் அங்கேயே நிற்கும் :) இன்றைய கார்களில் பம்பரில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்தால் திருகுமரை. ஸ்டெப்னி பக்கத்தில் ஜாக்கியோடு கொடுத்திருக்கும் கொக்கியை அதில் கடைசி வரை திருக வேண்டும். சில கார்களில் அது இடது பக்கமாகத் திருக வேண்டிய மரை. இருட்டில் இது தெரியாமல் மல்லுக்கட்டிய ஆட்கள் ஏராளம்.

கயிறே வேண்டாம், இரும்புக் கம்பி இருந்தால் தேவலை. கம்பி தொய்யாது, இரண்டு வண்டிக்கும் உள்ள இடைவெளி மாறாது. அமெரிக்க தாத்தா கயிற்றைத் தொடாமல் கம்பியால் பிணைப்பதும் இதனால்தான்.

கடைசியாக கியர் பாக்ஸ். மேனுவல் கார் என்றால் நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, கொஞ்ச தூரம் மெதுவாக இழுக்கலாம். ஆட்டோமேட்டிக் என்றால் கதை வேறு. அதன் உள்ளே எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப் எஞ்சினால் ஓடுகிறது. எஞ்சின் நின்றால் எண்ணெய் சுற்றாது. சக்கரம் உருள உருள உள்ளே பல்சக்கரங்கள் எண்ணெய் இல்லாமல் உரசும். பேட்டரி பிரச்னையாகக் கிளம்பிய கார், தாம்பரம் போய்ச் சேரும்போது கியர் பாக்ஸ் பிரச்னையாகிவிடும். சில ஆயிரத்தில் முடிய வேண்டியது லட்சத்தைத் தொடும்.

ஏ.எம்.டி. வண்டி இரண்டுக்கும் நடுவில். உள்ளே இருப்பது மேனுவல் கியர் பாக்ஸ்தான், ஆனால் பேட்டரி செத்த நேரத்தில் கியரில் மாட்டி நின்றுவிட்டால் நியூட்ரலுக்குக் கொண்டு வருவதே பெரும்பாடு. மின்சார கார் என்றால் கயிற்றை நினைக்கவே வேண்டாம். சக்கரத்தோடு மோட்டார் எப்போதும் பிணைந்திருக்கும். சக்கரத்தை உருட்டினால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக்ஸைப் பதம் பார்க்கும்.

வழி 2: கொக்கி

நோ பார்க்கிங்கில் விட்ட காரைத் தூக்கிப் போவார்களே, அதே முறை. ஒரு பக்கச் சக்கரங்களை மட்டும் தூக்கிக்கொண்டு, மற்ற இரண்டும் தரையில் உருளும். ஸ்டீயரிங் சக்கரம் தூக்கப்பட்டுவிட்டால் பின் காரில் ஆள் உட்கார வேண்டியதில்லை. இது பெரிய நிம்மதி.

ஆனால் எந்தப் பக்கத்தைத் தூக்குவது? எஞ்சின் எந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறதோ அந்தப் பக்கத்தை. இந்தியாவின் பெரும்பாலான சின்ன கார்களுக்கு முன் சக்கரம். முன்னால் தூக்கினால் ஆட்டோமேட்டிக்கும் தப்பிக்கும். ஆனால் பழைய ஆம்னி, பொலிரோ, இன்னோவா கிரிஸ்டா எல்லாம் பின் சக்கரத்தில் ஓடுபவை. அவற்றை முன்னால் தூக்கி இழுத்தால் உருள்வது எஞ்சினோடு பிணைந்த சக்கரம்தான்.

2022-ல் வந்த இன்னோவா ஹைகிராஸ் மறுபடி முன் சக்கர வண்டி! அமெரிக்காவில் சி.ஆர்.வி.க்கு நடந்த அதே கதை. "இன்னோவாதானே சார், எத்தனை இழுத்திருக்கோம்" என்று தூக்க வருகிறவரிடம் எந்த இன்னோவா என்று சொல்ல வேண்டியது வண்டிக்காரரின் வேலை. நாலு சக்கரமும் சுழலும் வண்டிக்கு இந்த வழியும் கிடையாது.

வழி 3: முதுகு

ஃப்ளாட் பெட். வண்டியின் தளம் சரிந்து இறங்கும், வின்ச் கம்பியால் காரை மேலே இழுத்து, சக்கரங்களைப் பட்டையால் கட்டி, கிளம்பிவிடலாம். எந்த கியர் பாக்ஸ், எந்தச் சக்கரம் என்ற கேள்வியே இல்லை. ஆட்டோமேட்டிக், மின்சாரம், விபத்தில் சக்கரம் கோணிப்போனது... எல்லாவற்றுக்கும் இதுதான்.

முக்கியமாக வெள்ளத்தில் மாட்டிய கார். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் கார்கள் தண்ணீரில் நின்றதைத் தாம்பரத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அதே கதை. தண்ணீர் வடிந்ததும் "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போமே" என்று சாவி போடுவதுதான் பெரிய தப்பு. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படிக் கெட்டுப்போன எஞ்சினுக்கு சாதாரண பாலிசியில் பணம் வாங்குவதும் கஷ்டம். கயிறு கட்டி இழுத்தபடி கியர் போட்டு ஸ்டார்ட் பண்ணப் பார்ப்பதும் அதே ரகம்தான்.

இப்போது கணக்கு

காமர்ஸ் படிப்பவர்களுக்குத் தெரிந்த வார்த்தை ஒன்று, கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி. நடந்தால்தான் கடன், நடக்காவிட்டால் இல்லை. அதனால் பேலன்ஸ் ஷீட்டில் அது கடனாக ஏறாது, கீழே குறிப்பில் மட்டும் பொடி எழுத்தில் இருக்கும். கயிறு அப்படிப்பட்ட சரக்கு. மேலே பார்த்தால் செலவு ஒரு டீ. பொடி எழுத்தில் கியர் பாக்ஸ், பம்பர், ஆஸ்பத்திரி பில் எல்லாம் ஒளிந்திருக்கிறது.

இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கு: இந்திய மோட்டார் டாரிஃப் காலத்திலிருந்து வரும் சாதாரண கார் பாலிசியில், விபத்தான காரைப் பக்கத்து ஒர்க் ஷாப்புக்கு எடுத்துப்போகும் செலவுக்கு உச்சவரம்பு 1,500 ரூபாய். அதுவும் விபத்துக்குத்தான். தானாகக் கெட்டு நின்ற வண்டிக்கு அது பேசாது. அதற்கு ரோடு சைடு அசிஸ்டன்ஸ் என்று தனியாகச் சேர்க்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை பாலிசி போடும்போது "இது எதுக்கு சார் வேஸ்ட்" என்று பலர் அடித்துவிடும் வரி அதுதான்.

குட்டி யானைக்காரர் பக்கமும் பார்க்க வேண்டும். சரக்கு வண்டிகளுக்கான பொது பாலிசியில், கெட்டுப்போன ஒரு வண்டியை உதவிக்கு இழுத்தால் மூன்றாம் ஆளுக்கு ஏற்படும் பாதிப்புக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் கூலி வாங்கி இழுத்தால் கிடையாது. இழுக்கப்படும் காருக்கு ஏற்படும் சேதத்துக்கும் கிடையாது. ஆக, அந்த "டீ செலவு" அவர் தலைமேல் ஒரு கத்தியைத் தொங்கவிடுகிறது, பாவம், அவருக்கே தெரியாமல்.

கணக்கில் வராத ஆள்

இதுவரை பேசியது எல்லாம் காசு. காசு போனால் சம்பாதிக்கலாம்.

சிங்கப்பெருமாள் கோவில் சந்திப்பில் ராத்திரி ஷிப்ட் முடிந்து ஒரகடம் பக்கமிருந்து பைக்கில் வரும் பையனை நினைத்துப் பாருங்கள். இரண்டு வண்டிகளுக்கு நடுவில் ஒரு இடைவெளி தெரிகிறது. நம்ம ஊர் பைக்குக்கு இடைவெளி என்றால் அழைப்பு மாதிரி. வளைத்து உள்ளே விடுகிறான். நடுவில் ஒரு கயிறு இருப்பது அவனுக்குத் தெரியாது. நைலான் கயிறு, கறுத்துப்போனது, விளக்கு வெளிச்சமும் இல்லை. கழுத்து உயரமோ, கை உயரமோ, சக்கர உயரமோ... மேலே எழுத வேண்டாம்.

அந்தப் பையன் காருக்குச் சொந்தக்காரன் இல்லை. ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தது அவன் இல்லை. ஆனால் விலை கொடுப்பது அவன். பொருளாதாரப் பாடத்தில் இதற்கு எக்ஸ்டெர்னாலிட்டி என்று பெயர். பரீட்சையில் தொழிற்சாலைப் புகையை உதாரணமாக எழுதி மார்க் வாங்கலாம். ஜி.எஸ்.டி. ரோட்டில் உதாரணம் இந்தக் கயிறுதான்.

இதை யாரும் யோசிக்காமல் இல்லை. 1989-ன் சாலை ஒழுங்கு விதிகளிலேயே இழுப்பதற்குத் தனிப் பிரிவு உண்டு. இழுக்கப்படும் வண்டியின் ஸ்டீயரிங்கில் லைசென்ஸ் உள்ள ஆள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டீயரிங் சக்கரங்கள் தரையிலிருந்து தூக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக்கூடாது. கயிறோ சங்கிலியோ மற்றவர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும். பின் வண்டியின் முதுகில் 'ஆன் டோ' என்று வெள்ளையில் கறுப்பாக, பெரிய எழுத்தில் எழுதி மாட்ட வேண்டும். அந்த விதிகளுக்குப் பதிலாக 2017-ல் புது ஒழுங்குமுறைகள் வந்தன. ரோட்டில் அந்தப் பலகையோடு போகும் வண்டியை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

அப்போ அந்த அப்பா?

முதலில் காரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு இடது ஓரத்துக்குத் தள்ள வேண்டும். நாலு இண்டிகேட்டரும் எரிய வேண்டும். சிவப்பு முக்கோணத்தைக் கொஞ்ச தூரம் பின்னால் வைக்க வேண்டும். டிக்கியில் பிளாஸ்டிக் கவரோடு தூங்கும் அந்த முக்கோணம் இதற்காகத்தான் கொடுத்தது. பாட்டியையும் குழந்தையையும் காருக்குள் உட்கார வைக்காமல், ரோட்டை விட்டு இறங்கித் தள்ளி நிற்க வைக்க வேண்டும். நின்ற காரின் பின்னால் லாரி வந்து மோதுவதுதான் இந்த ரோட்டின் பெரிய பயம்.

அடுத்து 1033. தேசிய நெடுஞ்சாலை உதவி எண். ரோந்து வண்டி, கிரேன், ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே எண்தான். குறைந்தபட்சம் வண்டியை ஆபத்தான இடத்திலிருந்து அப்புறப்படுத்தலாம். பாலிசியில் ரோடு சைடு அசிஸ்டன்ஸ் இருந்தால் அந்த எண்ணும் பாலிசித் தாளிலேயே இருக்கும்.

பிறகு குட்டி யானைக்காரரிடம், "ரொம்ப நன்றி தம்பி. இழுக்க வேணாம். இவங்களை மட்டும் பஸ் ஸ்டாப் வரைக்கும் விட்டுட முடியுமா?" என்று கேட்கலாம். உதவி செய்ய வந்த மனுஷனுக்கு ஆபத்தில்லாத உதவி ஒன்றைக் கொடுத்த மாதிரியும் இருக்கும்.

கயிறே கூடாதா என்றால், கூடும். மேனுவல் கார், பகல் வெளிச்சம், ரோட்டின் ஓரம், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சிவப்புத் துணி கட்டிய கயிறு, பின் காரில் நிதானமான டிரைவர், போக வேண்டியது அடுத்த பெட்ரோல் பங்க் வரை மட்டும். இந்த ஆறும் சேர்ந்தால் சரி. ஒன்று குறைந்தாலும் கொக்கி. ஆட்டோமேட்டிக்கோ மின்சாரமோ வெள்ளமோ என்றால் யோசிக்காமல் முதுகு. தாம்பரம் வரை இருபது கிலோமீட்டர் என்ற பேச்சுக்கே கயிற்றில் இடமில்லை.

சிங்கப்பெருமாள் கோவிலில் நரசிம்மர் குன்றிலேயே குடைந்த சன்னதியில் இருக்கிறார். அவரை மட்டும் சுற்ற முடியாது, சுற்ற வேண்டுமென்றால் மொத்தக் குன்றையும் சுற்றித்தான் வர வேண்டும். குறுக்கு வழி இல்லை என்று அந்த ஊரில் யாரும் குறைபட்டதில்லை. பாட்டிக்கும் இது தெரியும். கொஞ்சம் எடுத்துச் சொன்னால் ஒரு மணி நேரம் காத்திருப்பார்.

இன்றைக்கு வீட்டில் கார் இருப்பவர்கள் செய்ய வேண்டியது இரண்டே வேலை. கையேட்டில் 'டோயிங்' என்ற பக்கத்தைப் படிப்பது. டிக்கியைத் திறந்து அந்தக் கொக்கி எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. பத்து நிமிஷம்கூட ஆகாது. ராத்திரி பத்து மணிக்கு லாரி ஹாரனுக்கு நடுவில் தேடுவதை விட, பகலில் வீட்டு வாசலில் தேடுவது சுலபம்.